வெள்ளை அங்கியும் ஐம்பது கிராமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசத்தோடு தாங்களே மதியச் சாப்பாடு பரிமாறினார்கள். கண் கலங்கிவிட்டது. இந்த ஒழுக்கம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதா?

அன்புள்ள நண்பருக்கு,

கலங்கட்டும், அதில் தப்பில்லை. அந்தச் சின்னக் கை கரண்டியைப் பிடிக்கிற அழகு அப்படி. ஆனால் ‘ரத்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேற்கொண்டு யோசிக்காமலிருக்கச் சொல்லும் சொல் அது.

காலணி மாற்றுவது, தரை துடைப்பது எல்லாம் இருக்கட்டும். சாப்பாட்டைப் பாருங்கள். பரிமாறும் பிள்ளைகள் வாராவாரம் மாறுவார்கள். வெள்ளிக்கிழமை அங்கி வீட்டுக்குப் போய், துவைத்துத் தேய்த்து, திங்கட்கிழமை அடுத்த பிள்ளைக்கு வரும். புதிதாகப் பரிமாறும் பிள்ளை முதல் பத்துக் கிண்ணத்தையும் தளும்ப ஊற்றிவிடும். கடைசிப் பிள்ளைகளுக்கு வாளியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் குறைத்தே ஊற்றப் பழக்கி, மிச்சத்தைப் பிறகு பங்கிடுவார்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் அன்று பரிமாறக் கூடாது.

நீங்கள் பார்க்காதது சமையலறை. 1996-ல் சகாய் நகரில் பள்ளி உணவு வழியாக ஓ157 என்ற குடலைத் தாக்கும் கிருமி பரவி ஆயிரக்கணக்கான குழந்தைகள் படுத்தார்கள், உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. வேகவைப்பதன் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் சாப்பிடுவதற்கு அரைமணி முன்பே பொறுப்பாளர் ஒருவர், பெரும்பாலும் தலைமையாசிரியர், சாப்பிட்டுப் பார்த்திருப்பார். மூலப்பொருளிலும் சமைத்ததிலும் வகைக்கு ஐம்பது கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் மாதிரியாக இரண்டு வாரம் வைப்பார்கள். எதற்கு இரண்டு வாரம்? கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்படச் சில நாளாகும். அதற்குள் மாதிரியைக் கொட்டிவிட்டால் எதைச் சோதிப்பது?

இத்தனைக்குப் பிறகும் 2012 டிசம்பரில் டோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள சோஃபு நகரில் பால் ஒவ்வாத ஒரு சிறுமிக்கு, பாலாடைக்கட்டி சேராத பண்டத்தைத் தனியாகச் செய்து சரியாகத்தான் கொடுத்தார்கள். அவள் இன்னொரு முறை கேட்டாள். அப்போது கொடுத்தது மற்றவர்களுடையது. இறந்துபோனாள். முதல் தட்டுக்கு இருந்த கவனம் இரண்டாவதற்கு இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ரத்தம் செய்யுமா, சொல்லுங்கள்? அடுத்த முறை போனால் சமையலறைக்குள் விடமாட்டார்கள்; அங்கே வேலை செய்பவர்களுக்கே மாதம் இரண்டு முறை மலப் பரிசோதனை. வாசலில் நின்றாவது அந்த உறைபெட்டி எங்கே என்று கேளுங்கள்.