கனடாவிலிருந்து மின்சாரச் சக்கரக் கதிரையை ஏற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் சின்னம்மாவுடன் வசிக்கும் உங்கள் 76 வயது அம்மா, சிறிய பாரிசவாதம் ஒன்றுக்குப் பின் வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறார்; வெளியே போவதை முற்றாக நிறுத்திவிட்டார். டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து வரும்போது ஒரு மின்சாரச் சக்கரக் கதிரையைக் கொண்டுவந்தால் அவர் மீண்டும் வெளியே போவாரா?

உடனே வாங்க வேண்டாம் என்பதே என் பதில். எந்தக் கதிரை என்ற கேள்விக்கான விடை ரொறன்ரோக் கடையில் கிடைக்காது. அம்மாவின் கட்டிலிலிருந்து அவர் போக விரும்பும் இடம் வரையுள்ள வழியில்தான் கிடைக்கும். இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2019 இல் என் அம்மாவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டபோது, லண்டனிலிருந்த மாமா அனுப்பிய பணத்தில், 18 அங்குல இருக்கை கொண்ட, மடிக்கக்கூடிய இரும்புக் கதிரை ஒன்றை ஒரே நாளில் வாங்கி வந்தேன். கதிரையின் மொத்த அகலம் 66 சென்ரிமீற்றர். எங்கள் குளியலறைக் கதவு நிலையின் உள்ளகலம் 61 சென்ரிமீற்றர். வீட்டுக்குள் அம்மாவுக்கு மிக அவசியமான ஒரேயொரு இடத்துக்கு அந்தக் கதிரை போகவில்லை. அம்மா மெலிந்தவர், 46 சென்ரிமீற்றர் அகல இருக்கையில் இருபுறமும் இடைவெளி விழ, அவர் பலவீனமான பக்கம் சரிந்து சரிந்து, இரண்டு மாதத்துக்குள் தோள் வலியும் சேர்ந்துகொண்டது. நாங்கள் தலையணைகளைச் செருகிக்கொண்டிருந்தோம். பின்னர் வீட்டுக்கு வந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்த்த மாத்திரத்தில், இருக்கை இடுப்பகலத்தைவிடச் சில சென்ரிமீற்றர் மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும் என்றும், முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும் என்றும், பாதங்கள் தாங்கியில் முழுமையாகப் பதிய வேண்டும் என்றும் சொன்னார். சட்டைக்கு அளவு கொடுக்கிற நாம் நாள் முழுவதும் உட்காரும் கதிரைக்கு அளவு கொடுப்பதில்லை.

மருந்துக்கடைகளில் நாம் காணும் மடிக்கும் கதிரை, 1933 இல் அமெரிக்காவில் ஹேர்பட் எவரெஸ்ட், ஹரி ஜெனிங்ஸ் என்ற இரு பொறியியலாளர்கள் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது. எவரெஸ்ட் சுரங்க விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். கதிரையைக் காருக்குள் வைக்க முடியாதிருந்ததே அவருடைய சிக்கல், ஆகவே இருக்கையின் அடியில் பெருக்கல் குறி போன்ற சட்டம் வந்தது. நமக்குக் காருக்குப் பதில் ஓட்டோ. மடித்த கதிரை ஓட்டோவில் பயணியின் கால்மாட்டில் நிற்கும். மடியாத எதுவும் நிற்காது. பஸ்ஸின் உயரமான படிகளையும், மேடைக்கும் பெட்டிக்கும் இடையே ஏறவேண்டியுள்ள கரையோர ரயிலையும் கழித்துவிட்டால், கொழும்பில் உங்கள் அம்மாவுக்கு எஞ்சுவது ஓட்டோதான். அதன் தளம் தாழ்வானது, பக்கம் திறந்தது, கதிரையிலிருந்து ஒருவர் கைகொடுத்தால் ஏறி அமர்ந்துவிடலாம். அது யாரும் திட்டமிட்டு அமைத்த வசதியல்ல என்றாலும், எங்கள் வீட்டில் அதைவிடப் பயன்பட்ட வாகனம் வேறில்லை. செயலி மூலம் அழைக்கும் வசதி வந்தபின், கதிரையைக் கண்டதும் விலை கூட்டும் பேரமும் பெருமளவு குறைந்துவிட்டது.

இனி மின்சாரக் கதிரை. ஈய அமில மின்கலம் பொருத்தியவற்றில் பல 50 கிலோகிராமையும் தாண்டும். அவற்றை ஓட்டோச் சாரதியும் தூக்க மாட்டார், சின்னம்மாவும் தூக்க மாட்டார். லிதியம் மின்கலத்துடன் மடியும் வகைகள் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோகிராமுக்குள் அடங்கும். கொண்டுவருவதாயின் அந்த வகையே பொருந்தும், ஆனால் அதிலும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கழற்றக்கூடிய லிதியம் மின்கலத்தை விமானத்தில் கையில் எடுத்துச்செல்ல வேண்டும். விதியின்படி ஒரே மின்கலமாயின் அதன் கொள்ளளவு 300 வாட்-மணிக்கும், இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்கும் மேற்படக் கூடாது. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும்: 24 வோல்ட், 10 அம்பியர்-மணி என்றால் 240. விமான நிறுவனத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெற வேண்டும். மற்றையது, கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. மின்னேற்றி இரண்டுக்கும் ஏற்றதா என்பதை அதன் முதுகிலுள்ள எழுத்துகளைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

பழுதுபார்ப்பைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டியில், பொருத்தமான கதிரை என்பது பயன்படுத்துபவரின் தேவைக்கும் உடலளவுக்கும் அவர் வாழும் சூழலுக்கும் பொருந்துவதோடு, அந்த நாட்டிலேயே பராமரிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. கையால் தள்ளும் எங்கள் கதிரையின் டியூப்பை ஒட்டுவதும் சக்கரக் கம்பியை இறுக்குவதும் வீதி முனையிலுள்ள சைக்கிள் திருத்துபவர்தான். மின்சாரக் கதிரையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் அவரிடம் கொண்டுபோக முடியாது. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் உப்புக்காற்று யன்னல் கொளுக்கியையே தின்றுவிடுகிறது. மின் இணைப்பு முனைகளை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கட்டடம். எங்கள் வாசலில் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இரண்டு படிகள். சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது 30 சென்ரிமீற்றர் ஏற 3.6 மீற்றர் நீளம் வேண்டும். நிர்வாகத்தினர் எங்களுக்காக மனமுவந்து கட்டித் தந்தது ஒன்றரை மீற்றர். அதன்மேல் அழகுக்காக வழவழப்பான டைல்ஸும் பதித்தார்கள். மழை பெய்த முதல் நாளே அம்மாவின் கதிரையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்த நான் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். கதிரையை விடவில்லை என்பதுதான் ஆறுதல். அதே சரிவில் 50 கிலோகிராம் கதிரை இறங்கினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டடங்களுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. நடக்கவில்லை. 1992 இல் தமது கார்மீது வீதியோர மரமொன்று விழுந்ததால் சக்கரக் கதிரைக்கு வந்த, கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய கலாநிதி அஜித் பெரேரா, தாமே வழக்குத் தொடுத்து, 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்திடமிருந்து கட்டளை பெற்றார். 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை தனிநபர் நடமாட்டத்தையே பேசுகிறது. இவையெல்லாம் இருந்தும் கொழும்பின் காலி வீதி (Galle Road) நடைபாதையில் ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. இடையில் மோட்டார் சைக்கிள், லொத்தர் மேசை, செவ்விளநீர்க் குவியல். அவர்களும் பிழைக்க வேண்டும், ஆகவே எனக்கு அவர்கள்மீது கோபமில்லை. வடிகான் மூடியின் இடைவெளியைச் சக்கரத்தின் அகலத்துக்கே விட்டவர்மீதுதான் கோபம்.

உங்கள் அம்மா சுவரைப் பிடித்தாவது நடக்கிறார் என்பதால் முதலில் இருக்கையும் கைப்பிரேக்கும் உள்ள நான்கு சக்கர வோக்கரை யோசியுங்கள். சுவீடனைச் சேர்ந்த, போலியோவால் நடை பாதிக்கப்பட்ட ஐனா விஃபால்க் என்ற பெண் 1978 இல் தம் தேவையிலிருந்து உருவாக்கியது அது. களைத்தால் அதிலேயே உட்காரலாம், எஞ்சியிருக்கும் நடையும் போகாது. ஒரு கை பலவீனமாயிருந்தால் அது சரிவராது. இயன்மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கதிரைகள். உள்ளே, சக்கரங்கள் இருக்கைக்கு அடியில் ஒடுங்கிய, 54 சென்ரிமீற்றர் அகலமுள்ள சிறிய தள்ளுகதிரை. அது குளியலறைக்குப் போகும், வீதியில் ஒவ்வொரு பள்ளத்திலும் சிக்கும். வெளியே, பெரிய பின்சக்கரமும் அகன்ற முன்சக்கரமும் உள்ள அலுமினியக் கதிரை. அது கீழே காவலாளியின் மேசைக்கருகில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு மின்சாரக் கதிரையின் விலைக்கு வெகு கீழே. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, லிப்ட்டும் நின்று, மின்பிறப்பாக்கிக்கு டீசலும் இல்லாமல், அம்மா நான்காம் மாடியிலேயே இருந்தார். அந்த நாட்களில் எந்தக் கதிரையும் உதவியிருக்காது.

ஆகவே சின்னம்மாவிடம் அளவுநாடாவைக் கொடுத்து, லிப்ட் கதவு, லிப்ட்டின் உள்நீளம், எல்லா அறைக் கதவுகளின் உள்ளகலம், வாசல் படிகளின் உயரம், அம்மாவின் இடுப்பகலம் ஆகியவற்றைப் படத்துடன் அனுப்பச் சொல்லுங்கள். எங்கே போக விருப்பம் என்று அம்மாவிடமும் கேளுங்கள். நான் அதைக் கேட்க இரண்டு வருடம் எடுத்தேன். கோயில் என்று நினைத்திருந்தேன், அம்மா சொன்னது பம்பலப்பிட்டியிலுள்ள பழைய சிநேகிதியின் வீட்டை. அந்த வீட்டு வாசலில் நான்கு படிகள், கைபிடி இல்லை. இப்போது சிநேகிதியின் மகள் தன் அம்மாவை ஓட்டோவில் கடற்கரையோர மரைன் டிரைவுக்குக் கூட்டிவருகிறார். சனிக்கிழமைகளில் ஐந்தரை மணிக்கு இருவரும் அங்கே சந்திக்கிறார்கள்.