ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஒரு பட்டனை இணைத்தால் லினக்ஸ் ஏன் தானாகக் கண்டுகொள்வதில்லை?

யூஎஸ்பி கீபோர்டைச் செருகினால் அது "நான் கீபோர்டு" என்று தானே சொல்லிவிடும், ஆனால் ஜிபிஐஓ பின்னில் (போர்டில் வெளிப்பொருட்களை இணைக்கும் ஊசியில்) மாட்டிய பட்டனுக்கு வாயே கிடையாது. அந்தப் பின்னில் மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். அதனால் எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்பதை லினக்ஸின் மையமான கெர்னலுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், அந்தக் குறிப்புதான் டிவைஸ் ட்ரீ. புது வீட்டு ஸ்விட்ச் போர்டில் எது ஃபேன், எது லைட் என்று பெயர் ஒட்டுவதைப் போல.

ராஸ்பெர்ரி பையில் இது ரொம்பச் சுலபம். பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-கீ ஓவர்லே (டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும் கூடுதல் குறிப்பு) வரியைச் சேர்த்து, பின்னின் எண்ணையும் கீகோடையும் (எந்த விசை என்று சொல்லும் எண்) கொடுத்தால் போதும்: என்டருக்கு 28, பவருக்கு 116. பட்டனின் மறுமுனை கிரவுண்டுக்குப் போகிறது என்றால் புல்-அப் (பின்னை மின்னழுத்தத்தோடு பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம், இல்லாவிட்டால் அழுத்தாதபோது பின் அந்தரத்தில் தொங்கி, தொடாமலே அழுத்தியதாகக் காட்டும். நான் ஒரு மாலை முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன், தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் டீபவுன்ஸ், அதாவது பட்டனின் அதிர்வைப் பல அழுத்தல்களாக எண்ணாமல் விடுவது. எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ஒரே சத்தத்தோடு நிற்காதே, பட்டனுக்குள் இருக்கும் உலோகமும் அப்படித்தான் சில மில்லிவினாடி அதிரும். கெர்னல் வழக்கமாக 5 மில்லிவினாடி பொறுத்துப் பார்க்கும், மலிவான பட்டன் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

ராஸ்பெர்ரி பையின் RUN இணைப்பில் மாட்டும் ரீசெட் பட்டனையும் இப்படி வேறு விசையாக மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது: அது சிப்பின் ரீசெட் இணைப்புக்கே நேராகப் போகிறது, அழுத்தியது லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது.