மகன் தன்னை லிபர்டேரியன் என்கிறான்: டாலஸிலிருந்து எழுதிய ஓர் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறான். அதோடு, தான் ஒரு லிபர்டேரியன், அதாவது தனிமனிதர் விஷயத்தில் அரசாங்கம் முடிந்தவரை தலையிடக் கூடாது என்பவன், என்றும் சொல்கிறான். கஞ்சா வைத்திருப்பவனை ஜெயிலில் போடக் கூடாது, யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டால் அரசாங்கத்துக்கு என்ன என்று சாப்பிடும் நேரத்தில் வாதாடுகிறான். நீங்கள் குடும்பம், கோயில், கட்டுப்பாடு என்று வாழ்பவர். குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர். "அவனும் அதே கட்சி என்கிறான், ஆனால் நான் நம்புவதில் பாதியை அவன் நம்பவில்லை. இது என்ன படிப்பு, இதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் கடிதம் முழுக்கத் தெரிவது வேலையைப் பற்றிய பயம் மட்டுமல்ல, பையன் கெட்டுப்போய்விடுவானோ என்ற பயமும்தான். அதை முதலில் பேசிவிடலாம்.

உங்கள் வீட்டில் நடக்கும் வாதம் அமெரிக்க வலதுசாரி அரசியலில் எழுபது வருடமாக நடப்பதுதான். நம் ஊரில் இரண்டு பழமொழி உண்டு. "அடியாத மாடு படியாது" என்பது ஒன்று. "தானாகக் கனியாததைத் தடியால் அடித்தா கனிய வைப்பது" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம்புகிறவர்கள் அங்கே ஒரே கட்சிக்குள் இருக்கிறார்கள்.

1955இல் நேஷனல் ரிவ்யூ என்ற பழமைவாதப் பத்திரிகை தொடங்கியபோது அதைச் சுற்றிக் கூடியவர்களில் இரண்டு பேரைத் தம்பிக்கு அறிமுகப்படுத்துங்கள். ஒருவர் ஃபிராங்க் மேயர், முன்னாள் கம்யூனிஸ்ட். மனிதன் நல்லவனாக வாழ வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் போலீஸுக்குப் பயந்து ஒழுங்காக இருப்பவனிடம் இருப்பது ஒழுக்கமா, பயமா என்று கேட்டார். தானே தேர்ந்தெடுக்காத நற்பண்பு நற்பண்பே இல்லை, ஆகவே நல்லொழுக்கத்தில் அக்கறை உள்ளவன்தான் சுதந்திரத்துக்கு முதலில் காவல் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். கம்யூனிசம் பொது எதிரியாக இருந்த காலத்தில் இரண்டு தரப்பையும் ஒட்டவைத்த பசை இதுதான்.

இன்னொருவர் மிச்சிகனின் மெகோஸ்டா என்ற சிற்றூரில் வாழ்ந்த ரஸ்ஸல் கிர்க். அவர் இந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. நல்லதைத் தேர்ந்தெடுக்கும் மனம் வானத்திலிருந்து விழுவதில்லை, அதைக் குடும்பமும் தேவாலயமும் ஊர் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக உருவாக்குகின்றன. "என் இஷ்டம்" என்பதையே முதல் விதியாக்கினால் அந்த வேர்களே அறுந்துபோகும் என்றார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பதினேழு வயதில் லிபர்டேரியன் ஆகிற பிள்ளைகள் கிர்க்கின் கேள்வியைப் போதுமான அளவு யோசிப்பதில்லை. "சுதந்திரமாக முடிவெடு" என்று தம்பியிடம் சொன்னால் அவன் நல்ல முடிவெடுப்பான் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. நீங்களும் உங்கள் மனைவியும் பதினேழு வருடம் வளர்த்த வளர்ப்பில்தான் அந்த நம்பிக்கை நிற்கிறது. அவன் இதை உணர வேண்டும். அதே நேரத்தில் மேயரின் கேள்வி உங்களுக்கானது சார். அடுத்த வருடம் அவன் ஹாஸ்டலுக்குப் போவான். அங்கே உங்கள் கட்டுப்பாடு கிடையாது. அங்கே அவனிடம் மிஞ்சுவது அவன் தானாக ஏற்றுக்கொண்டது மட்டும்தான்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். ஒரு செயலுக்குச் சட்டம் தண்டனை தரக் கூடாது என்பது வேறு, அந்தச் செயல் நல்லது என்பது வேறு. உங்கள் மாநிலத்தின் ரான் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவர், பக்தியுள்ள கிறிஸ்தவர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்ப்பவர். அவர்தான் போதைப்பொருள் ஒழிப்புப் போரை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பல ஆண்டு வாதாடினார். அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தம்பி எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல் நேராகக் கேளுங்கள்: "சட்டம் தடுக்கக் கூடாது என்கிறாய், சரி. நீ செய்வாயா?" பதில் உங்களுக்கு நிம்மதி தரும் என்றே நினைக்கிறேன்.

இந்த இழுபறியில் கட்சித் தலைவர்களே ஒரு பக்கம் நிலையாக நின்றதில்லை. பழமைவாதத்தின் ஆன்மாவே லிபர்டேரியன் கொள்கைதான் என்று ரீகன் 1975இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே ரீகன் 1984இல், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டப்படும் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். குடித்துவிட்டு ஓட்டி இளைஞர்கள் சாலையில் சாவதைத் தடுப்பதுதான் நோக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாநில உரிமை பேசியவர் வாஷிங்டனின் பணத்தைச் சாட்டையாக்கினார். நான்கே வருடத்தில் ஐம்பது மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. அவருக்கு முன்னோடியான பாரி கோல்ட்வாட்டரோ, 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற மதபோதகர் தொடங்கிய மாரல் மெஜாரிட்டி அமைப்பு அரசியலில் மதத்தைத் திணிக்கிறது என்று 1981இல் வெளிப்படையாகவே கண்டித்தார்.

இளைஞர்கள் நடுவிலும் இப்படி ஒரு பிளவு வந்திருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில், 1969இல், செயின்ட் லூயிஸ் நகரில் பழமைவாத மாணவர் அமைப்பு ஒன்றின் மாநாடு நடந்தது. கட்டாய ராணுவச் சேர்ப்பைத் தேசக் கடமை என்றது ஒரு தரப்பு. அரசு ஓர் இளைஞனின் உயிரைச் சொந்தம் கொண்டாடுவது அடிமைத்தனம் என்றது மற்றது. ஒரு மாணவர் அரங்கிலேயே சேர்ப்பு அட்டைக்குத் தீ வைக்க, கைகலப்பாகி, லிபர்டேரியன்கள் விலகினார்கள். 1971இல் லிபர்டேரியன் கட்சி பிறந்தது. 1973இல் கட்டாயச் சேர்ப்பே நின்றது.

சரி, வேலை.

ஃபிராங்க் மேயரின் மகன் யூஜின் மேயரிடமிருந்து தொடங்குகிறேன். அப்பாவிடம் வீட்டிலேயே படித்தவர், சதுரங்கத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1982இல் சட்ட மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டியைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் அவர்தான். அப்பா பத்திரிகையில் ஒட்டவைத்ததை மகன் சட்டத் துறையில் ஒட்டவைத்தார் என்று சொல்லலாம். லிபர்டேரியன் வக்கீல்களும் மரபுவாத வக்கீல்களும் அங்கே ஒரே மேடையில் விவாதிக்கிறார்கள். அதில் பழகி வளர்ந்த பலர் இன்று கூட்டாட்சி நீதிபதிகள். ஆக, இந்தப் படிப்புக்கு மிக உறுதியான வழி சட்டம்தான். நான்கு வருட இளங்கலை, எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, மூன்று வருட ஜேடி சட்டப் பட்டம். இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் சட்டக் கல்லூரி ஏற்கும்.

தம்பிக்கு அதில் ருசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கு போதும். கலிபோர்னியாவில் மருத்துவத்துக்காகக் கஞ்சா வளர்ப்பது மாநிலச் சட்டப்படி சரி, மத்தியச் சட்டப்படி குற்றம். 2005இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ரீகன் நியமித்த ஸ்காலியா பெரும்பான்மையோடு நின்றார். மூத்த புஷ் நியமித்த தாமஸ் எதிர்த்து எழுதினார். இருவரும் பழமைவாதிகள். கஞ்சா நல்லதா கெட்டதா என்று அவர்கள் வாதாடவில்லை, வாஷிங்டனின் அதிகாரம் ஒரு வீட்டுத் தோட்டம் வரை நீளுமா என்பதுதான் கேள்வி. இரண்டு பேர் எழுதியதையும் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு, தனக்குப் பிடிக்காதவரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி உங்களிடம் எடுத்துச் சொல்ல அவனால் முடிந்தால், இந்தத் துறை அவனுக்கு ஒத்துவரும். அரை பக்கத்தில் சலித்துப்போனால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது வழி கொள்கை ஆய்வு. இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இன்று வாஷிங்டனில் இருக்கும் ஆய்வு அமைப்புகளில் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 1973இலும், கேட்டோ இன்ஸ்டிடியூட் 1977இலும் தொடங்கப்பட்டன. முன்னது மரபுவாதிகளுக்கு நெருக்கமானது, பின்னது லிபர்டேரியன்களின் வீடு. இரண்டிலும் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் உண்டு. இப்படிப்பட்ட அமைப்புகள் செலவை ஏற்று இளைஞர்களைக் கருத்தரங்குகளுக்கு அழைப்பதும் உண்டு. போகட்டும், ஆனால் ஒரே வீட்டில் மட்டும் வளரக் கூடாது. பல வருடம் முன்பு ஒரு மாணவியிடம், "ஏதாவது ஒரு தரப்பைச் சீக்கிரம் பிடித்துக்கொள், வேலை கிடைக்கும்" என்று நானே சொன்னேன். மூன்று கோடை விடுமுறையும் ஒரே அமைப்பில் கழித்தாள். இருபத்திரண்டு வயதில் அவள் கருத்து மாறியபோது, சிபாரிசுக் கடிதம் தர வேறு யாருமே இல்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒன்றே சொல்கிறேன்: முதல் கோடை உனக்குப் பிடித்த தரப்பில், இரண்டாவது எதிர்த் தரப்பில், மூன்றாவது எந்தத் தரப்பும் இல்லாத ஓர் அலுவலகத்தில், அதாவது நகராட்சியிலோ நீதிமன்றத்திலோ. அப்புறம் அரசியல் அறிவியலோடு புள்ளியியல் அல்லது பொருளாதாரம் இரண்டாவது பாடமாக இருக்கட்டும். பட்ஜெட்டையும் தரவுகளையும் படிக்கத் தெரிந்தவனை இரண்டு தரப்பும் தேடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குதான். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை சந்தைச் சுதந்திரத்துக்குப் பேர்போனது. நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்க மரபுவாதச் சிந்தனைக்கு வலுவான இடம் உண்டு. இரண்டுமே நல்ல இடங்கள். ஆனாலும் முதல் பட்டத்துக்கு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமே போதும் என்பேன். கட்டணம் குறைவு, எல்லாக் கருத்துள்ள பேராசிரியர்களும் இருப்பார்கள், சட்டக் கல்லூரிக் கடனுக்கு முன் இன்னொரு கடன் ஏறாது.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போக நினைத்து இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். அரசியல் அறிவியல் பட்டத்துக்குப் பிறகு வேலைப் பயிற்சிக்கு 12 மாதம்தான் கிடைக்கும், ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பாடங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடையாது. காங்கிரஸ் அலுவலகச் சம்பள வேலைகளும் பெரும்பாலும் குடிமக்களுக்கே. அங்கேயே பிறந்த இந்தத் தம்பிக்கு அந்தத் தடை இல்லை.

மூன்றாவது வழி சட்டமன்ற அலுவலகங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாள் நடக்கும். அந்த நேரத்தில் உறுப்பினர் அலுவலகங்களில் மாணவர்களுக்கு வேலை இருக்கும். அங்கே பார்த்தால் இந்த இழுபறி எவ்வளவு சிக்கலானது என்று புரியும். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரும் திட்டத்தையே பாருங்கள். பெற்றோரின் தேர்வுரிமை என்று லிபர்டேரியன்கள் ஆதரித்தார்கள், பிள்ளைகளை மதப் பள்ளியில் படிக்க வைக்கலாம் என்று மரபுவாதிகள் ஆதரித்தார்கள். ஆனால் 2023 நவம்பரில் குடியரசுக் கட்சியினர் 21 பேர், பலரும் கிராமப்புறத்தவர்கள், ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அதை 84-63 என்று தோற்கடித்தார்கள். அவர்கள் ஊரில் அரசுப் பள்ளிதான் ஊரின் மையம். அதைக் காப்பதும் மரபைக் காப்பதுதானே? 2025இல் 100 கோடி டாலரில் திட்டம் கடைசியில் நிறைவேறியது. அந்த 21 பேரின் கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகவே படுகிறது. தம்பியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். லிபர்டேரியன் புத்தகத்திலும் மரபுவாதப் புத்தகத்திலும் அதற்கு எளிய பதில் கிடைக்காது.

அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரியில். குழு விசாரணைகளில் பெயர் பதிந்துகொண்டு பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பேசலாம், சும்மா உட்கார்ந்து கேட்கவும் செய்யலாம். டாலஸிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் மூன்று மணி நேரம். தம்பி அப்போது கல்லூரி முதல் வருடத்தில் இருப்பான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போய்வாருங்கள். திரும்பி வரும் வழியில் வண்டியை அவன் ஓட்டட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். அதற்கு முன்னால், அந்தக் கஞ்சா வழக்கைப் படித்துவிட்டு எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் முடியாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும், பரவாயில்லை.