யாரிடம் போய்க் கேட்பது?

அன்புள்ள ஐயா,

ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி இரண்டிலும் ஜனநாயகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உறுப்பு நாடுகளின் அரசுகள்தானே அவற்றை நடத்துகின்றன? பணம் போடுபவருக்கு ஓட்டு அதிகம் என்பதில் என்ன தவறு? நாட்டுக்கு ஒரு ஓட்டு என்றால் யார் பணம் போடுவார்கள்?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

கடைசிக் கேள்வியில் நான் உங்கள் பக்கம்தான். நாட்டுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் பணக்கார நாடுகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஐஎம்எஃப்பில் போட்ட பணம் கடனாகப் போனால், போட்ட நாட்டுக்கு வட்டி கிடைக்கிறது. அந்த நிறுவனத்தின் நடைமுறைச் செலவை நெடுங்காலம் சுமந்தது கடன் வாங்கிய நாடுகள் கட்டிய வட்டியும் கட்டணமும்தான். அவர்களுக்குத்தான் ஓட்டு குறைவு.

அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீத ஓட்டு. பெரிய மாற்றங்களுக்கு 85 சதவீதம் வேண்டும். கணக்கு புரிகிறது அல்லவா? அமெரிக்கா ஒன்றே தடுத்துவிடலாம். ஓட்டுப் பங்கை மாற்ற 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தம் 2016இல்தான் அமலுக்கு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2015 இறுதி வரை அதைக் கிடப்பில் போட்டிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவையால் ஐஎம்எஃப்பை நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. மற்ற நாடாளுமன்றங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஐஎம்எஃப் நிர்வாகக் குழுவில் ஒரே இயக்குநர். நான்கின் ஓட்டையும் மொத்தமாகத்தான் போடுவார், பிரித்துப் போட முடியாது.

சரி, ஓட்டை விடுங்கள். பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய்க் கேட்பது? குஜராத்தில் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தில் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவான ஐஎஃப்சி 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீன்வளமும் தண்ணீரும் கெட்டுப்போனதாக அங்குள்ள மீனவர்கள் ஐஎஃப்சியின் சொந்தப் புகார் அலுவலகத்திடம் முறையிட்டார்கள். அந்த அலுவலகமே 2013இல் ஐஎஃப்சியின் மேற்பார்வையில் குறை கண்டது. ஆனால் திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அப்புறம்தான் 2015இல் வாஷிங்டனில் வழக்கு. எங்கள் மேல் வழக்கே போட முடியாது, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்றது ஐஎஃப்சி. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 என்ற கணக்கில், முழுப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. பெரிய வெற்றி என்று பலரும் எழுதினார்கள். வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. வழக்குக்குக் காரணமான செயல்களின் மையம் அமெரிக்காவில் அல்ல, இந்தியாவில், அதனால் இந்த வழக்கில் பாதுகாப்பு செல்லும் என்று அங்கே தள்ளுபடி. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்க மறுத்தது.

வழக்குப் போடலாமா கூடாதா என்பதிலேயே ஏழு ஆண்டு போய்விட்டது. ஐஎஃப்சி செய்தது சரியா தவறா என்று அந்த நீதிமன்றங்கள் விசாரிக்கவே இல்லை. ஓட்டுச் சதவீதத்தை எப்படி மாற்றியிருந்தாலும் இதில் எதுவும் மாறியிருக்காது. அதனால்தான் ஓட்டைவிட இந்தச் சட்டப் பாதுகாப்பைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.