புள்ளியைப் பிடித்தால் சொல் வரும்

கேள்வி: ஞாயிறு இணைப்பில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, சரியான சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். நான்கு எழுத்து என்றால் போட்டுவிடுகிறேன். ஆறு எழுத்து வந்தால் காபி ஆறுவதுதான் மிச்சம். போன வாரம் 'ய, ங், பெ, ம், ரு, கா' மற்றும் 'ட், வ, டி, மா, ண், டு' இரண்டும் வரவில்லை. பேத்தி ஏதோ செயலியில் போடலாம் என்கிறாள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் மாதம் 200 ரூபாய் கட்டினால் சனிக்கிழமை இரவே விடை தருகிறார்களாம். சேரலாமா? (ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்)

பதில்: சேராதீர்கள் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் ஆறு எழுத்தைப் பார்ப்போம்.

ஆறு எழுத்தை 720 விதமாக அடுக்கலாம். நீங்கள் மனத்துக்குள் அதைத்தான் செய்துபார்க்கிறீர்கள், அதனால்தான் காபி ஆறுகிறது. தமிழ்ச் சொல்லில் எழுத்துகள் இஷ்டத்துக்கு உட்காருவதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று மெய்ம்மயக்கம் என்ற தலைப்பில் நன்னூல் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பகுதிக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

முதலில் புள்ளி வைத்த எழுத்தைத் தேடுங்கள். அது சொல்லின் தொடக்கத்தில் வராது. 'ங்' இருந்தால் அடுத்தது ஏறக்குறைய எப்போதும் க வரிசைதான். 'ந்' இருந்தால் பெரும்பாலும் த வரிசை. 'ஞ்' என்றால் பெரும்பாலும் ச வரிசை. 'ண்' என்றால் பெரும்பாலும் ட வரிசையோ ண வரிசையோ. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டுமே ஒட்டும்: க்க, ச்ச, த்த, ப்ப. ட், ற் இரண்டும் சொல்லின் கடைசியில் நிற்காது. 'ம்' கடைசி நாற்காலிக்கு ஆசைப்படும் எழுத்து. பாதிக்குப் பாதி அங்கேதான் இருக்கும்.

இனி உங்கள் எழுத்துகள். 'ங்'குக்குப் பின் க வரிசை வேண்டும், இருப்பது 'கா' ஒன்றுதான். ஆகவே 'ங்கா' இனி ஒரே துண்டு. 'பெ' ஒற்றைக் கொம்பு எழுத்து. கெ, தெ, பெ, கொ, தொ மாதிரியான குறில்கள் ஏறக்குறைய எப்போதும் சொல்லின் முதலில்தான் வரும். அதை முன்னால் வையுங்கள், 'ம்'மைக் கடைசியில் வையுங்கள். நடுவில் மிச்சம் ரு, ய, ங்கா. அவற்றை அடுக்க ஆறே வழி. பெருங்காயம் வந்துவிட்டதா? தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி எழுத்தையும் அதன் ஜோடியையும் சேர்த்து ஒரே துண்டில் எழுதுங்கள். கண்ணுக்கு வேலை பாதியாகும்.

அ முதல் ஔ வரை உயிரெழுத்து ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதல் எழுத்து.

ஒரே ஒரு இடத்தில் இந்த வித்தை காலை வாரும், அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். ஆனால் பத்திரிகை 'இரயில்' என்று போடுவதில்லை, 'ரயில்' என்றே போடுகிறது. ரசம், லட்டு, டப்பா எல்லாம் அப்படித்தான். 'க்' தன் இனத்தோடுதான் ஒட்டும் என்றேன், சக்தியும் டாக்டரும் அதைக் கேட்பதில்லை. வல்லின மெய்யில் சொல் முடியாது என்றால் பிளாஸ்டிக் சிரிக்கும். ஆகவே எந்த எழுத்தும் முதலில் நிற்கச் சம்மதிக்கவில்லை என்றால், அல்லது ஒரு புள்ளி எழுத்துக்கு ஜோடியே கிடைக்கவில்லை என்றால், வந்தேறிச் சொல் என்று சந்தேகப்படுங்கள். அப்போதும் ண, ழ, ள, ற, ன ஐந்தும் முதலில் வரவே வராது. அந்த ஐந்தை எந்த நாளும் நம்பலாம்.

செயலி விஷயம். ஆங்கிலத்துக்கு எழுதியதைத் தமிழுக்கு ஒட்டுப்போட்டவைதான் நான் பார்த்தவற்றில் அதிகம். பெருங்காயம் நமக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 11 துண்டு, கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. அந்தத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டால் புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பாள்.

இப்போது அந்த 200 ரூபாய். அடுத்த வாரம் பத்திரிகையே இலவசமாகத் தருவதை ஒரு வாரம் முன்னால் விற்கிறார்கள். விடை தெரிந்தபின் புதிரில் என்ன இருக்கிறது? அதைவிட மோசம், அந்தக் குழுக்களில் உங்கள் எண் பதிவாகிவிடும். சில வாரத்தில் "உங்கள் விடை தேர்வாகியுள்ளது, பரிசுக்கு வரியாக 1,800 ரூபாய் அனுப்புங்கள்" என்று செய்தி வரும். லாட்டரிப் பரிசையும் குறுக்கெழுத்துப் பரிசையும் நம் வருமான வரிச் சட்டம் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆனால் பணப் பரிசில் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது கொடுப்பவர் வேலை. உங்களிடம் முன்பணம் கேட்டால் அவன் திருடன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

புதிர் போடுகிறவர்களும் யோக்கியம் இல்லை. பல வருடம் நானும் போட்டவன், தெரிந்தே சொல்கிறேன். 'க, த, வு' என்று கொடுத்தார்கள் ஒரு முறை. கதவு என்பார்கள், தகவு என்றாலும் சரிதானே? கடிதம் எழுதினேன். ஆசிரியர் முடிவே இறுதியானது என்று பதில். 1955இல் பரிசுப் போட்டிச் சட்டம் போட்டபோது குறுக்கெழுத்தோடு எழுத்து அடுக்கும் புதிரையும் சேர்த்தே எழுதினார்கள். திறமையால் வெல்லும் போட்டிக்கு அது பொருந்தாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு விடையில் ஒன்றை உறைக்குள் ஒளித்துவைத்தால் அதில் வாசகரின் திறமைக்கு என்ன வேலை? அச்சில் துணைக்கால் ர போலத் தெரிவது இன்னொரு கூத்து. 'கொ'வைப் பிரித்து 'கெ, ர' என்று போட்டால் நன்னூல் எழுதிய பவணந்தியே வந்தாலும் தீர்க்க முடியாது.

உங்கள் இரண்டாவது புதிரில் புள்ளிகள் இரண்டு. 'ட்', 'ண்' இரண்டுக்குமே 'டு'வும் ஒட்டும், 'டி'யும் ஒட்டும். தவறாக ஜோடி சேர்த்தால் வண்டு பறக்கும். விடையை நான் எழுதப்போவதில்லை. காலண்டர் தாளில் நான்கு துண்டு போதும்.