படத்தில் பூங்கா, உறுதியில் யார் பெயர்?

கேள்வி: ஐயா, கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மூன்று ஏக்கர் காணியைத் துண்டு பிரித்து விற்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா எனக்கு அதில் 10 பேர்ச் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விளம்பரப் படத்தில் நடுவில் பச்சை நிறத்தில் 'சிறுவர் பூங்கா' என்று போட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்திலும் எல்லைக்கல் நட்டு நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "அதைப் பிரதேச சபை பார்த்துக்கொள்ளும்" என்கிறார் தரகர். முற்பணம் கட்டலாமா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: இப்போது கட்டாதீர்கள், தங்கச்சி. பூங்காவுக்கு விட்ட நிலத்துக்குள் நாலு துண்டுக்கு எல்லைக்கல் எதற்கு?

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 இல் வந்தது. அதன்கீழ் 1986 இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளின்படி, பிரிக்கிற காணி ஒரு ஹெக்டயருக்கு மேல் இருந்தால், பாதைகளுக்குப் போன நிலத்தைக் கழித்து மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்டயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நீங்கள் சொல்வது மூன்று ஏக்கர், அதாவது 480 பேர்ச். பாதைக்கு 80 பேர்ச் போனதென்று வையுங்கள். மிச்சம் 400. அதில் பத்திலொன்று 40 பேர்ச், நம்முடைய கணக்கில் நாலு பரப்பு. விற்கிறவருக்கு அது 10 பேர்ச் துண்டுகள் நாலு. கல் ஏன் நடப்பட்டது என்பது இதில் விளங்கும்.

2021 இல் புதிய ஒழுங்குவிதிகளும் வந்திருக்கின்றன. அதோடு, இந்த விதிகள் வர்த்தமானியில் நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவித்த இடங்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். ஆகவே காணி இருக்கும் இடம் அதற்குள் வருகிறதா, இன்றைக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்ற இரண்டையும் கரைச்சி பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கேட்கப் போகும்போது விளம்பரப் படத்தைக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. சேவயர் கீறி, சபை அனுமதித்த படத்தின் பிரதியை விற்பவரிடம் வாங்கிக்கொண்டு போங்கள். அதில் சபையின் முத்திரை, அனுமதி இலக்கம், திகதி, கையொப்பம் நாலும் இருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் துண்டு இலக்கங்களும் விஸ்தீரணங்களும் அட்டவணையாக இருக்கும். பாதைக்கு ஓர் இலக்கம், பொதுவெளிக்கு ஓர் இலக்கம் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'சேவயர் படம் இருக்கிறது' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். சேவயர் அளந்து கீறுவார், அனுமதி கொடுப்பது சபை.

படத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தப் பொதுவெளித் துண்டையும் பாதைகளையும் சபைக்கு உறுதி எழுதிக் கொடுத்தாரா? பலர் அதை எழுதிக் கொடுப்பதில்லை. எழுதாதவரைக்கும் காணிப் பதிவகத்தின் ஏட்டில் நிலம் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். சனம் வீடு கட்டிக் குடியேறி, பூங்கா இடம் பற்றை மண்டிக் கிடக்கும்போது, ஒருநாள் அதுவும் விலைக்கு வரும். அப்போது சண்டை பிடிப்பது வாங்கினவருக்கும் அயலுக்கும் இடையில். விற்றவர் காசோடு போயிருப்பார். இதனால்தான் நொத்தாரிசிடம் உங்கள் துண்டு கடந்த 30 வருடத்தில் யார் யார் பெயரில் இருந்தது என்று பதிவகத்தில் தேடுவதை மட்டுமல்ல, பொதுவெளித் துண்டின் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாவிடமும் சொல்லுங்கள், அது முடிந்தபிறகு காசு அனுப்பினால் போதும்.

இன்னொன்று. 10 பேர்ச் என்றால் கிட்டத்தட்ட 45 அடிக்கு 60 அடி. உங்கள் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வார் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). பின்வீட்டுக்காரரின் குழி எங்கே வரும் என்று இப்போதே யோசியுங்கள். மாரியில் வெள்ளம் நின்று வடிய ஒரு வெறும் நிலம் இருப்பது கிணற்றுத் தண்ணீருக்கும் நல்லது. அந்த நாலு பரப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஊஞ்சல், சறுக்கு மட்டும் காரணமில்லை.

கேள்வி: வவுனியாவில் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர் காணியை இரண்டிரண்டு ஏக்கராக மூன்று படமாகப் பிரிக்கிறார்கள். பொதுவெளி விடத் தேவையில்லையாம். காணியின் கீழ்ப்பக்கம் குளத்தின் அலைகரை (குளம் நிரம்பினால் தண்ணீர் ஏறும் ஓரம்). இது சரியா?
வாசகர், வவுனியா

பதில்: இரண்டு ஏக்கர் ஒரு ஹெக்டயருக்குள் அடங்கிவிடும். அதற்காகத்தான் இப்படி வெட்டுகிறார்கள். ஒரே உரிமையாளர், ஒரே தாய் உறுதி (பிரிக்க முந்திய முழுக் காணியின் உறுதி), மூன்று படத்துக்கும் ஊடே ஓடும் ஒரே பாதை என்றால் அது ஒரே பிரிப்புத்தான் என்று சபையிடம் எழுத்தில் வாதாடலாம். அனுமதி கொடுப்பதற்கு முன்னரே எழுதுங்கள், கொடுத்தபிறகு மாற்றுவது பெரிய பாடு. தாய் உறுதியின் இலக்கத்தையும் கடிதத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று விண்ணப்பங்களின் பிரதிகளையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

அலைகரை விஷயத்தை விட்டுவிடாதீர்கள். குளத்தின் ஒதுக்கு நிலம் யாருக்கும் விற்கக் கூடியதல்ல. கமநல சேவை நிலையத்தில் எல்லையைக் கேளுங்கள். பிரிக்கிற காணியில் வயல் இருந்தால், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மண் கொட்டி நிரப்ப முடியாது. கோடையில் காய்ந்த தரையைக் காட்டித்தான் விற்பார்கள். குளம் வான் பாய்கிற மாதத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

கேள்வி: வவுனிக்குளம் பக்கம் குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) கால் ஏக்கர் விலைக்கு வருகிறது. விலை பாதிதான். நொத்தாரிசு எழுதித் தருவார் என்கிறார்கள்.
வாசகர், மல்லாவி

பதில்: வாங்காதீர்கள், தம்பி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட்காரர் அதை விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்தவர்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதத்தை முதலே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதிய உறுதி செல்லாது, சபை படத்தை அனுமதித்திருந்தாலும் செல்லாது. 2024 இல் தொடங்கிய 'உறுமய' திட்டத்தில் முழு உரிமை உறுதி கிடைத்திருப்பதாக விற்பவர் சொன்னால், அந்த உறுதியின் பிரதியோடு பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் விலை பேசுங்கள்.