ஃபோன் வழியாகப் பல் டாக்டரைப் பார்ப்பது: பர்மா தமிழர் கேள்விகளும் பதில்களும்

யாங்கோனில் பல் வைத்தியம் பார்க்கிறேன். பெகு, தட்டோன், மோல்மேன், பியாப்போன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலரும் இப்போது வைபர் ஆப்பில் படம் அனுப்பித்தான் முதலில் என்னிடம் பேசுகிறார்கள். இந்த முறை எப்படி நடக்கிறது, எதுவரை நம்பலாம் என்று உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டாக்டரம்மா, வாயில் கை வைக்காமல் ஃபோனில் பார்த்து என்ன தெரியும்? (பியாப்போன்)

நியாயமான கேள்வி அண்ணே. வீக்கம், புண், நிறம் மாறிய இடம், உடைந்த பல், சீழ்க் கொப்புளம் எல்லாம் நல்ல படத்தில் தெரியும். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நீங்கள் சொல்வதிலிருந்து இன்னும் நிறையத் தெரியும். ஐஸ் தண்ணீர் பட்டதும் சுருக்கென்று வந்து உடனே போய்விடும் வலி வேறு. தானாகவே இரவில் எழுப்பிவிட்டு அரை மணி நேரம் துடிக்கும் வலி வேறு. முதலாவதற்கு அடைத்தாலே போதும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டாவதில் பல்லின் உயிர்நாடி பாதிக்கப்பட்டிருக்கும், வேர்ச் சிகிச்சையோ (ரூட் கெனால்) பிடுங்குவதோ தேவைப்படும்.

தெரியாதவையும் உண்டு. இரண்டு பல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை, வேர் நுனியில் கட்டியிருக்கும் சீழ், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதெல்லாம் எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. பல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும், ஈறின் ஆழத்தை அளக்க வேண்டும், அதற்கும் ஆள் நேரில் வேண்டும். அதனால் ஃபோனில் நான் முடிவு செய்வது பெரும்பாலும் மூன்றுதான்: வர வேண்டுமா, எப்போது வர வேண்டும், அதுவரை என்ன செய்ய வேண்டும். பியாப்போனிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் ஒருவருக்கு இந்த மூன்றும் சின்ன விஷயம் இல்லை.

எத்தனை படம் எடுத்தாலும் "தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள்" என்கிறீர்கள். எப்படித்தான் எடுப்பது? (மோல்மேன்)

தங்கச்சி, இதை விரிவாகவே சொல்கிறேன். பாதிப் பேருக்கு இங்கேதான் வேலை கெடுகிறது.

பகலில் எடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். வாயை நன்றாகக் கொப்பளித்து, காட்ட வேண்டிய இடத்து எச்சிலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரம் பளபளத்தால் படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிதான் விழும். செல்ஃபி வேண்டாம். வீட்டில் ஒருவர் ஃபோனின் பின்பக்கக் கேமராவால் எடுக்கட்டும். லென்ஸை முதலில் துடையுங்கள், சமையலறையில் புழங்கும் ஃபோனில் எண்ணெய்ப் படலம் இருக்கும்.

கன்னத்தை விலக்க இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் போதும். வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு ஆறியதும் அதன் காம்பை வளைந்த பக்கமாக உதட்டோரம் வைத்து மெதுவாக இழுங்கள். மேல் பல்லைக் காட்ட, படுத்துத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஃபோனை வாய்க்குள் நுழைப்பதுபோல் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மங்கிவிடும். ஒரு சாண் தள்ளி வைத்து, திரையில் பல்லைத் தொட்டு ஃபோகஸ் செய்து எடுங்கள். மொத்தம் ஐந்து படம்: கடித்தபடி முன்பக்கம், வலது, இடது, மேல் வரிசை, கீழ் வரிசை. வலிக்கும் இடத்தைத் தனியாக ஒன்று. வெளியே வீக்கம் இருந்தால் முழு முகம் ஒன்று, இரண்டு கன்னமும் தெரியும்படி.

அனுப்பும்போது ஃபைலாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போய்த்தான் என்னிடம் வருகிறது.

வெளிச்சத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை, ராத்திரி மஞ்சள் பல்பில் எடுத்த படத்தைப் பார்த்து, கன்னத்தின் உட்புறம் இருந்ததைச் சாதாரணப் புண் என்று சொல்லிவிட்டேன். மனசு கேட்காமல் மறுநாள் பகல் படம் கேட்டேன். அதில் புண்ணைச் சுற்றி, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தது. முதலில் சொன்னது தவறு என்று உடனே அவருக்கு ஃபோன் செய்து நேரில் வரவழைத்தேன். அன்றிலிருந்து இரவுப் படத்தை வைத்துப் புண்ணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாது. வீடியோ கால் பேச முடியாதவர்களுக்கு இது பயன்படுமா? (தட்டோன்)

நன்றாகவே பயன்படும். நேரடியாக வீடியோவில் பேசுவது ஒரு வழி. படம், குரல் பதிவு, எழுத்து மூன்றையும் அனுப்பிவைத்து, டாக்டர் பிறகு பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு வழி. நம் ஊருக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்று நினைக்கிறேன். வீடியோ கால் பாதியில் அறுந்துபோகும், வாய்க்குள் இருப்பதும் தெளிவாகத் தெரியாது. படத்தை நான் பெரிதாக்கிப் பார்க்கலாம், போன மாதப் படத்தோடு ஒப்பிடலாம்.

வயது, சர்க்கரை, பிரஷர், இதய நோய் உண்டா, கர்ப்பமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு குரல் பதிவில் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையையும் படம் எடுத்து அனுப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என்றால் கட்டாயம் தெரிய வேண்டும்.

பல் வலிக்குக் கடையில் கலந்து கட்டிக் கொடுக்கும் மாத்திரைப் பொட்டலம் வாங்கிப் போட்டேன், இரண்டு நாள் நின்று திரும்ப வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் பெயர் மட்டும் எழுதி அனுப்ப முடியுமா? (பெகு)

தம்பி, அந்தப் பொட்டலத்தை இனிமேல் வாங்காதீர்கள். உள்ளே என்ன மாத்திரை, எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆன்டிபயாடிக் பல்லின் உள்ளே இருக்கும் அழற்சியைக் குணப்படுத்தாது. வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால்தான் அதற்கு இடம். அப்போதும் அது துணைக்குத்தான், பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதோ பிடுங்குவதோதான் வைத்தியம்.

வலிக்குப் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் எதுவும் இல்லையென்றால், சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபேன் 400 சேர்க்கலாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்தால் ஐபுப்ரோஃபேனைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், ஈறு வெந்துபோகும்.

பெகுவிலிருந்து இங்கே ஐம்பது மைல்தான். இந்த வாரமே வந்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகக் குன்யா (வெற்றிலைப் பாக்கு) போடுகிறார். இப்போது காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்கிறார், கொட்டாவி விடக்கூட வாய் முழுசாகத் திறக்கவில்லை. வலி இல்லை என்பதால் டாக்டரிடம் வர மறுக்கிறார். படம் பார்த்துச் சொல்வீர்களா? (மோல்மேன்)

அம்மா, வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான்.

முதலில் ஒரு சோதனை, இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைக்கட்டும். சாதாரணமாக மூன்று விரலும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் அந்த நிலையில் படம் எடுத்து அனுப்புங்கள். கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

பாக்கில் இருக்கும் ரசாயனம், சதைக்கு அடியில் நார்த் திசுவை வளர்த்துக்கொண்டே போகிறது. கன்னம் தன் இளக்கத்தை இழக்கிறது. எரிச்சல் முதலில் வரும், வாய் சுருங்குவது அப்புறம். வலி இருக்காது, அதனால்தான் ஆட்கள் வருவதில்லை. இப்படி இறுகிய வாயில் புற்று வரும் அபாயம் கூடுதல். "புகையிலை போடாமல் வெறும் பாக்கும் சுண்ணாம்பும்தானே" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம், என்னிடம் பலர் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது.

படத்தைப் பார்த்து "இது புற்று", "இது புற்று இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது. சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஆனால் படம் வந்தால், எவ்வளவு அவசரம் என்று சொல்வேன், எந்த ஆஸ்பத்திரிப் பிரிவுக்குப் போவது என்று வழிகாட்டுவேன். அவர் வர மறுத்தால் ஃபோனை அவர் கையில் கொடுங்கள், நானே அண்ணனிடம் பேசுகிறேன். அவரைத் திட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். இன்றைக்கு நிறுத்தினால்கூட மேலே முற்றுவதைத் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.

எல்லோருக்குமே சொல்கிறேன்: இரண்டு வாரத்தில் ஆறாத புண், சிவப்போ வெள்ளையோ ஆன திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் முதல் படிதான், நேரில் காட்டியே ஆக வேண்டும்.

பிள்ளை விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டால் ஃபோன் செய்யலாமா? (தலா)

செய்யலாம், ஆனால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் அது நிலைப்பல். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கிருந்தால் பாலிலோ, ஓடும் தண்ணீரில் சில விநாடியோ அலசி, வந்த குழியிலேயே திரும்ப வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். டீக்கடை டப்பாப் பால் இல்லை, சர்க்கரை இல்லாத சாதாரணப் பால். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு கோப்பையில் பிள்ளையின் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர வேண்டும். தலாவிலிருந்து ஆற்றைக் கடக்கும் படகு நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நாலு வயதுப் பிள்ளை என்றால் அது பால்பல், திரும்ப வைக்கக் கூடாது.

பல் பிடுங்கி மூன்று நாள். முதல் நாளைவிட இன்றைக்கு வலி அதிகம், காதுவரை இழுக்கிறது. (சிரியம்)

குழியில் உறைந்த ரத்தம் கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது போலிருக்கிறது. பகல் படம் ஒன்று அனுப்புங்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் குழியைக் கழுவி மருந்து வைக்க நேரில்தான் வர வேண்டும். அதுவரை சிகரெட்டும் குன்யாவும் கூடாது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, அலம்பாமல் வாயில் வைத்திருந்து மெதுவாக வெளியே விடுங்கள்.

எப்போது படம் எடுத்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? (பெகு)

வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினால், நாக்குக்கு அடியில் தூக்கிக்கொண்டு வந்தால், கண் மூடிக்கொள்ளும்படி வீங்கினால், எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் மாறினால், மூச்சு முட்டினால். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு நடக்கும்போது இடது தாடை வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது பல்வலியாக இல்லாமல் இதயமாக இருக்கலாம்.

சென்னையில் ஒரு டாக்டர் வீடியோவில் பார்த்து "மூன்று பல்லுக்கு வேர்ச் சிகிச்சை" என்றார். நம்பலாமா? (யாங்கோன்)

எக்ஸ்ரே பார்த்தாரா? பார்க்கவில்லையென்றால் அந்த எண்ணிக்கையை ஏற்காதீர்கள். இங்கே எக்ஸ்ரே எடுத்து அவருக்கும் அனுப்புங்கள், எனக்கும் அனுப்புங்கள். இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் எந்த டாக்டருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது.

அக்கா, நான் குன்யாவை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. வீட்டிலேயே வாயைச் சோதித்துக்கொள்ள முடியுமா? (தட்டோன்)

ஐந்து மாதம்! எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் தம்பி, சந்தோஷமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை, பல் விளக்கியதும், கண்ணாடி முன் நில்லுங்கள். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், மேல் அண்ணம் பாருங்கள். நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரண்டு பக்க ஓரமும், கடைசிவரை. நாக்கைத் தூக்கி அடிப்பகுதியும். மூன்று விரல் சோதனையையும் செய்து தேதி போட்டு எழுதிவையுங்கள். முதல் தடவை எதைப் பார்க்கிறோம் என்றே புரியாது. அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு படமாகச் சேர்ந்து பார்ப்போம்.